நம்பிக்கையை யார் சுமப்பது?

புற்றுநோய் பற்றித் தமிழில் வருகிற எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். நோய் வரும், அழுகை வரும், தன்னம்பிக்கை பிறக்கும், 'போராடி வென்றார்' என்று முடியும். அப்போ செத்துப்போனவள் நம்பிக்கை இல்லாமல்தான் செத்தாளா? அதை யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஆட்ரே லார்ட். நியூயார்க்கில் பிறந்த கருப்பினக் கவிஞர். 1978இல் மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்கு ஒரு மார்பு அகற்றப்பட்டது. 1980இல் வந்த 'த கேன்சர் ஜர்னல்ஸ்' நூலில் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். ஆறுதல் சொல்ல வந்த பெண் ஒரு பொய் மார்பைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதன் நிறமோ வெள்ளைக்காரத் தோலின் நிறம். பிறகு அதை வைக்காமல் மருத்துவரிடம் போனபோது நர்ஸ் கண்டிக்கிறார்: இப்படி வந்தால் இங்கே மற்றவர்களின் மனத்தெம்பு போய்விடுமாம். நம்பிக்கை என்ற பேரில் கேட்கப்படுவது இதுதான். நோயாளி தெம்பாக இருக்கவேண்டும் என்பதல்ல, பார்க்கிறவர் கண்ணை உறுத்தாமல் இருக்கவேண்டும். உறுத்தாதே, ஒதுங்கி இரு என்ற பேச்சு நமக்குப் புதிதா என்ன?

இந்த நூலை நான் தாம்பரத்தில் இருந்து படிக்கிறேன். 1928இல் காசநோய்க்கென்று ஆரம்பித்த ஆஸ்பத்திரியின் பேரில் 'சானடோரியம்' என்று ரயில் நிலையமே இருக்கிற பகுதி. ஊருக்கு வெளியே வைப்பது நோய்க்கும் உண்டு, சாதிக்கும் உண்டு.

என் சின்னம்மா சேலையூர்ப் பக்கம் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். மாரில் கட்டி என்று தெரிந்தும் ஏழு மாதம் வாய் திறக்கவில்லை. சொன்ன அன்றே ஒரு வீட்டில் வேலை போச்சு. இன்னொரு வீட்டில் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். இது ஒட்டுகிற நோயே அல்ல. "தனி டம்ளர் நமக்குப் புதுசாடி? முன்ன சாதிக்கு வச்சாங்க, இப்ப நோய்க்கு" என்று சின்னம்மா சிரித்தார்.

மௌனத்தை உடைக்கச் சொல்கிறார் லார்ட். சரிதான். ஆனால் கல்லூரி வேலையும் சுற்றி நின்ற தோழிகளும் இருந்தவருக்கு மௌனம் என்பது பயம். சின்னம்மாவுக்கு அது அரிசி. இந்த இடத்தில் அந்த நூல் நம் காலனி வாசலில் தயங்கி நிற்கிறது.

"தைரியமா இருங்கம்மா" என்றவர்களிடம் சின்னம்மா சொன்னது: "தைரியம் இருக்கு. வாடகைதான் இல்ல." காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் கைகொடுத்தது. 2021இலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. கரண்டு வைத்த நாட்களில் போன கூலியை மட்டும் எந்த அட்டையும் தரவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் முறை வைத்துத் துணைக்குப் போனார்கள்; அவர்களுக்கும் அன்றைய கூலி போச்சு.

நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். அது நோயாளியின் மனசுக்குள் ஊறுகிற சரக்கல்ல, சுற்றியிருப்பவர்கள் செய்துகொடுப்பது. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, தைரியமாக இருங்கள் என்று உபதேசம் செய்துவிட்டுப் போகவில்லை. 1954இல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார்.

லார்ட் 1992இல் புற்றுநோயில் இறந்தார். அவர் தோற்றார் என்று யாராவது எழுதட்டும், பார்ப்போம். சின்னம்மா தினம் ஒரு டாமாக்சிபென் மாத்திரை போடுகிறார். ஐந்து வருஷம் போடவேண்டும். இது மூன்றாவது வருஷம். அவரிடம் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள் தோழர்களே. ஆஸ்பத்திரிக்கு அடுத்த முறை துணைக்கு யார் போவது என்று கேளுங்கள்.