அமோக்கின் இருட்டு

மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் 'அமோக்' என்னை விடாமல் பற்றிக்கொண்ட ஒன்று. வெறி தலைக்கேறிக் கண்ணில் பட்டவரையெல்லாம் வெட்டிச் சாய்ப்பது அதன் பொருள். போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜாவாக்காரர்களைப் பற்றி எழுதும்போது இதைக் குறித்துவிட்டார். ஆங்கிலேயருக்கோ முதல் எழுத்து 'ஒரு' என்னும் பொருள் தரும் தங்கள் 'அ'வாகவே காதில் விழுந்தது. சொல்லை இரண்டாக உடைத்து, 'அ மக்' என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இன்று கடைக்குள் ஓடியாடி அட்டகாசம் செய்யும் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல்தான்.

மலாய்க்காரர்கள் இதற்குப் பக்கத்தில் வைத்திருக்கும் இன்னொரு தொடர்தான் நயமானது: 'மாத்தா கெலாப்'. கண் இருண்டுபோவது. 'கண்மண் தெரியாத கோபம்' என்கிறோமே, அதற்குக் கூடப்பிறந்தது. ஆனால் நம் தொடரில் கோபம் வெளிப்படையாக நிற்கிறது. மலாயில் கோபமே இல்லை, இருட்டு மட்டும்தான்.

அந்த இருட்டு எங்கிருந்து வருகிறது என்பதைப் பினாங்கில் 1846இல் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. சூனான், வீடு கட்டும் தொழிலாளி, மதிப்பான மனிதர். மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர். உயிரோடு இருந்தபோது அந்தப் பிள்ளையை வேலைக்கே கூட்டிவருவாராம். பிறகு வேலை ஓடவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ஜூலை 8 காலையில் படகு வேலைக்குக் கூப்பிட்டவரிடம் முடியாது என்றார். கைகள் துணிக்குள் மறைந்திருந்தன. வாய் அல்லா, அல்லா என்றது.

அன்று அவர் அமோக் வெறியில் கொன்றவர்களில் தகப்பன் கையில் இருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையும் உண்டு. 'கிளிங்' குழந்தை என்கிறது பதிவு. தென்னிந்தியரை அந்நாளில் அப்படித்தான் எழுதினார்கள். பிள்ளையை இழந்தவர் கை, இன்னொரு தகப்பன் கையில் இருந்த பிள்ளைமேல் விழுந்ததை என்னால் கடந்து போக முடியவில்லை.

13ஆம் தேதி நீதிபதி வில்லியம் நாரிஸ் முன் விசாரணை, 15ஆம் தேதி தூக்கு. என்ன செய்தோம் என்றே தெரியாது என்று கடைசிவரை சொன்னார் சூனான். துரைமார் இத்தனை கொலை என்கிறார்கள், அப்படியானால் செய்துதான் இருக்க வேண்டும் என்றாராம் தூக்குமேடையில். தமிழில் அது எவ்வளவு இயல்பாக வருகிறது: 'கொன்றேன்' இல்லை, 'கொன்றிருக்கிறேன் போல.'