செய்யுள் வாசிப்பும் பொருளுணர்ச்சியும்

செய்யுள் செவிக்கென எழுந்தது. சொற்பிரிப்பும் நிறுத்தக்குறியுமின்றி ஏட்டிலே கிடந்த பாட்டு, கற்றார் நாவிலேதான் உருப்பெற்று வந்தது. ஆதலின், அவைமுன் செய்யுள் வாசித்தலைப் புறத்தலங்காரமாகக் கொள்ளலாகாது. அதுவும் பாட்டுக்கு உரைகாணும் முறைகளுள் ஒன்றேயாம். வாசிப்போன் எவ்விடத்துப் பொருளுணரவில்லை என்பதை அவன் நிறுத்துமிடமே காட்டிவிடும்.

இக்காலத்து மேடைகளில் இருவகைக் குறைகள் காணப்படுகின்றன. ஒருசாரார் சீர்தோறும் நிறுத்தி வாசிக்கின்றனர். யாப்பு நோக்கிச் சொல்லைப் பிளந்து சீராக்கும் வகையுளி தமிழ்ச் செய்யுளிற் பெருவழக்கு. சொல்லின் முற்பகுதி ஒரு சீரிலும் பிற்பகுதி அடுத்த சீரிலும் அமைந்திருக்க, அவ்விடத்தே மூச்சை நிறுத்துவோர் பொருளைச் சிதைக்கின்றனர். மற்றொரு சாரார், பொருள் விளங்கவேண்டுமெனக் கருதிச் சந்தியனைத்தையும் பிரித்து உரைநடைபோல வாசிக்கின்றனர். அப்பொழுது வெண்பாவின் செப்பலோசையும் கலிப்பாவின் துள்ளலோசையும் தம்முள் வேறுபாடின்றி மறைகின்றன.

ஓசையை இடையறாது செல்லவிட்டுப் பொருள் முடியுமிடத்திற் குரலைத் தாழ்த்துதலே தக்க நெறியாம். இதற்கு யாப்பே துணைசெய்கின்றது. நேரிசை வெண்பாவின் இரண்டாமடி இறுதியில் நிற்கும் தனிச்சொல்லை நோக்குக. முன்னடிகளின் எதுகையை ஏற்று நிற்கும் அச்சொல், வாசிப்போன் சற்றே தங்குதற்குரிய இடமாம். ஈற்றடியோ மூன்று சீராற் குறுகி, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும். அக்குறுக்கமே முடிவை அறிவித்தலின், அங்கே குரலை உயர்த்தி முழங்குதல் வேண்டா. எதுகை மோனைகளும் தாமே ஒலிப்பன. அவற்றை அழுத்தியுரைப்பின் அவையோர் செவி பொருளைவிட்டு ஒலியிற் சென்றுவிடும்.

இராகமேற்றிப் படித்தல் நமது மரபன்றோ எனச் சிலர் வினவலாம். மரபே, ஆனால் அதன் அமைப்பை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் வழிவழி வரும் கந்தபுராண படனத்தில் ஒருவர் இசையோடு படிக்க மற்றொருவர் பயன் சொல்லுவர். பயன் சொல்வோர் அருகிருத்தலின் அங்கு இசை நீளினும் பொருள் கெடுவதில்லை. மேடையிலே தனித்து நிற்கும் மாணவனுக்கு அத்துணையில்லை. அங்கு இருவர் ஆற்றும் பணியை இங்கு அவன் குரலொன்றே ஆற்றுதல் வேண்டும்.

ஆகவே, செய்யுட் போட்டிகளில் நடுவராயமர்வோர் மனனத்துக்கும் குரல்வளத்துக்குமே புள்ளி வழங்குதல் சாலாது. எழுவாய் தன் பயனிலையைச் சென்றடைந்தமை குரலிலே கேட்டதா என்பதையும் நோக்குவாராக. ஆசிரியரும் மனனஞ் செய்விக்குமுன் பொருளை உணர்த்துதல் கடன். உணர்ந்து வாசிக்கப்பட்ட பாட்டு, கேட்டோருட் சிலரையேனும் அந்நூலைத் தேடிக் கற்கச் செய்யும். செய்யுள் வாசிப்பின் பயன் அதுவேயாம்.