மருந்து கிட்டித்தல்

திண்டுக்கல் சமவெளியில் நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியை வெறும் குருவி சுடும் கருவி என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் தோட்டா கிடையாது. ஒவ்வொரு வெடியையும் சுடுகிறவரே குழலுக்குள் கட்டியாக வேண்டும். வாய்வழியே கரிமருந்து, மேலே தக்கை, பிறகு ஈய ரவை, அது உருண்டு வராமலிருக்க இன்னொரு தக்கை. நீண்ட கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். நடுவே இடைவெளி விழுந்தால் குழலே வெடிக்கலாம். கம்பியில் ஒரு கீறல் போட்டால் போதும். அது குழல்வாய்க்கு நேராக நின்றால் அளவு சரி. இவ்வளவு எளிய அளவுகோலை நான் வேறு எந்தத் தொழிலிலும் கண்டதில்லை.

விசையை இழுத்தால் சுத்தி, அடிபட்டதும் பொறி தெறிக்கும் ‘கேப்’ என்ற சிறு மூடியின்மேல் விழும். நாட்டுத் துப்பாக்கியில் தீப்பொறி பக்கத்துத் துளைவழி வளைந்து மருந்தைத் தொடும். இன்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் விரும்பும் ‘இன்லைன்’ வகையில் கேப் குழலுக்கு நேர் பின்னால் இருப்பதால் பொறி நேராகப் பாயும். நம்பகம் அதற்கே அதிகம். ஆனாலும் கிட்டிக்கும் பக்குவம் இரண்டுக்கும் ஒன்றுதான், திண்டுக்கல் மலைக்கோட்டையில் முழங்கிய பழைய பீரங்கிகளுக்கும் அதுவேதான்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நரிக்குறவரின் வேட்டை முடிவுக்கு வரத் தொடங்கியது. சட்டம் தேவையானது. அந்தக் கைத்திறனை மட்டும், தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.