கூத்துக்களத்தில் கிளைத்த பாரதம்

திருமுனைப்பாடி நாட்டில் பாரதத்துக்குப் பஞ்சமில்லை. வில்லிபுத்தூரார் பிறந்த சனியூரும், அவரைப் பாடவைத்த வரபதி ஆட்கொண்டானின் வக்கபாகையும் இந்த நாட்டைச் சேர்ந்தவைதாம். நெய்வேலி நகரியத்தின் நேரான சாலைகளைத் தாண்டிக் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களுக்குள் போனால், திரௌபதி அம்மன் திருவிழாக்களில் ஒரு பழைய வேலைப் பங்கீட்டை இன்றும் பார்க்கலாம். பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் சொல்லுவார், இரவில் கூத்து. துகிலுரிதலும் பதினெட்டாம் போரும் கூத்திலும் உண்டு. ஆனால் வியாசர் சொல்லாமல் விட்டவை மேடை ஏறியது இரவில்தான்.

அவற்றில் தலையானது அரவான் களப்பலி. வடமொழிப் பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் கொல்லப்படும் ஒரு வீரன். அதற்குமேல் அவனுக்கு அங்கே வேலை இல்லை. தமிழில் 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் களப்பலி ஆகிவிட்டான். பின்வந்த கூத்தும் கோயிலும் அவனுக்கு ஓரிரவுத் திருமணத்தையும் கொடுத்தன. கூவாகத்தில் சித்திரை தோறும் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது அந்தக் கிளையில் காய்த்ததுதான். சிதம்பரம் பக்கம் கொத்தட்டையிலும் அரவானுக்குக் கூத்தாண்டவர் என்ற பெயரில் கோயில் உண்டு. இத்தனை சேர்த்தும் மூலக்கதையின் முடிவு மாறவில்லை: பாண்டவரே வெல்கிறார்கள். அந்த வெற்றிக்கு யார் கழுத்தைக் கொடுத்தார் என்ற கேள்வி மட்டும் உடன் ஒட்டிக்கொள்கிறது. நல்ல கிளைக்கதைக்கு இதுவே என் உரைகல்: நடந்ததை மாற்றக் கூடாது, நடந்ததைப் பார்க்கும் கண்ணை மாற்ற வேண்டும்.

அல்லி வகை வேறு. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை எல்லாம் புகழேந்தியார் பெயரில் பெரிய எழுத்துப் புத்தகங்களாக விற்றவை. நளவெண்பா பாடிய புகழேந்தியின் நடை இது அல்ல என்பது படித்தவுடன் தெரியும். மதுரையை ஆளும் அல்லியை, பாம்பாக நுழைந்து, தூக்கத்தில் தாலி கட்டி வசப்படுத்துகிறான் அர்ச்சுனன். கூட்டம் சிரித்த இடம் இது. இன்று சிரிக்க முடியவில்லை. அவள் மகன் புலந்திரன் பவளத் தேர் கேட்க, அதைத் தேடிப்போன இடத்தில் அப்பன் பவளக்கொடியைக் கண்டு மயங்குகிறான். கிளையிலிருந்து இன்னொரு கிளை! 1934இல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தது இந்தப் பவளக்கொடியால்தான். பாட்டும் வேடிக்கையும் இருந்தாலும், என் உரைகல்லில் இந்த வகை இரண்டாம் தரம். அல்லி எத்தனை கோபப்பட்டாலும் அர்ச்சுனனைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிவதில்லை.

கர்ண மோட்சக் கூத்து முதல் தரம். பிறப்பைச் சொல்லிக் கணவன் கர்ணனை இகழ்ந்த பொன்னுருவி, அவன் களத்துக்குப் புறப்படும் நேரத்தில் அவனோடு ஆடும் தர்க்கத்துக்கு ஈடு வில்லியிலும் இல்லை என்பேன். 1964இல் வந்த 'கர்ணன்' படம் பொன்னுருவியை விட்டுவிட்டுச் சுபாங்கி என்றொரு மனைவியைக் கொடுத்தது, நட்டம் படத்துக்குத்தான். வட மாவட்டங்களில் இறந்தவர் வீட்டுக் காரியத்திலும் கர்ண மோட்சம் ஆடுவார்கள். வடக்கத்தி பாணி, தெற்கத்தி பாணி என்று அடவிலும் பாட்டிலும் வேறுபாடு பேசுகிற வாத்தியார்கள்கூட இந்த நாடகத்தின் பெருமையில் ஒன்றுபடுவார்கள்.

ஜப்பானியர் இந்தக் கிளைக்கதைக் கலையை அச்சுத் தொழிலாகவே நடத்துகிறார்கள். யோஷிகி தனாகா தம் விண்வெளிப் போர்க் காவியத்தைப் பத்துத் தொகுதிகளில் முடித்தார். பக்கக் கதைகளுக்குத் தனிப் புத்தகங்கள் போட்டார். 'நருட்டோ' படக்கதை 2014இல் முடிந்தது. அதன் நாயகனின் மகன் 'பொருட்டோ'வின் கதை 2016இல் தொடங்கியது. புலந்திரனைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. வாசகர்களே கிளைக்கதை வரைந்து விற்கும் தோக்கியோ சந்தை 1975இலிருந்து நடக்கிறது. நம் ஊரில் புகழேந்தியின் பெயருக்குப் பின்னால் ஒளிந்தவர்கள் அங்கே தங்கள் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

தமிழ் உரைநடையில் எம்.வி. வெங்கட்ராமின் 'நித்யகன்னி'யும், 1943இல் வந்த புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'மும் என் உரைகல்லில் தேறுகின்றன. முன்னது உத்தியோக பருவத்து மாதவியை எடுத்துக்கொண்டது. பின்னது இராமாயணத்து அகலிகையை.

நகரியத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூத்துக்குப் போனால் பத்து மணிக் கோமாளியோடு எழுந்து வந்துவிடாதீர்கள். விடியும்வரை இருந்து, பொன்னுருவி பேசி முடித்த பிறகு வீடு திரும்புங்கள்.