சாசனம் மறந்த பாதி

“மாணவர்க்கு அரசியல் எதற்கு? பாடம் படிக்கட்டும்; பட்டம் பெறட்டும்; நாட்டைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் நாங்கள் இருக்கிறோமே!” – இப்படி அறிவுரை வழங்குவோர் இல்லாத நாடில்லை. அமெரிக்காவிலும் இருந்தனர். அவர்களுக்கு அந்நாட்டு மாணவர்கள் அளித்த விடைதான் போர்ட் ஹியூரன் அறிக்கை.

1962 ஜூன் திங்களில், மிச்சிகன் மாநிலத்தில், தொழிற்சங்கம் ஒன்றின் முகாமில் ஏறத்தாழ 60 பேர் கூடினர். மக்களாட்சிச் சமுதாயத்துக்கான மாணவர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அறிக்கையின் வரைவை எழுதியவர் டாம் ஹேடன், வயது 22, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் நாளேட்டின் ஆசிரியராக இருந்தவர். ஏட்டறிவை மட்டும் நம்பி எழுதியவரல்லர். 1961இல் மிசிசிப்பியில் நிறவெறிக்கு எதிராக நின்று அடிபட்டார். அதே ஆண்டில் ஜார்ஜியாவில் சிறை புகுந்தார். அடியும் சிறையும் அறிந்த கை தீட்டிய ஏடு அது.

வளமான நாட்டில் பிறந்து, வசதியோடு கல்வி பயின்ற இளைஞருக்கு என்ன குறை? அறிக்கை மறைக்காமல் சொல்கிறது. தெற்கு மாநிலங்களில் நிறவெறி தலைவிரித்தாடுகிறது. உலகின் தலைக்குமேல் அணுகுண்டு தொங்குகிறது. செல்வம் குவிந்த நாட்டிலேயே வறுமையும் வாழ்கிறது. படைத்தலைமையும் பெருமுதலாளிகளும் கைகோத்து நிற்கின்றனர். ஜனநாயகக் கட்சி என்று பெயர். அதற்குள்ளேயே சமத்துவம் பேசுவோரும் இருக்கின்றனர், அதைச் சாகடிக்கும் தென்மாநிலத் தலைவர்களும் இருக்கின்றனர்! இந்தக் கூடாநட்பை முறித்தெறிய வேண்டும் என்கின்றனர் மாணவர்.

நோயை மட்டும் கூறி நின்றுவிடவில்லை, மருந்தும் கூறினர். பங்கேற்பு மக்களாட்சி என்பது அதன் பெயர். நான்காண்டுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டை இட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் ஊமையாய் இருப்பது மக்களாட்சி ஆகாது. எவருடைய வாழ்வைப் பற்றி முடிவெடுக்கப்படுகிறதோ, அவருக்கு அம்முடிவில் பங்கு வேண்டும். இதுவே அறிக்கையின் உயிர்.

மூத்தோர் என்ன செய்தனர்? மாணவர் அமைப்பைப் பேணி வந்த தாய்க்கழகத்தார் சீறினர். பொதுவுடைமையரைக் கண்டிக்கும் வேகம் போதாது என்றனர். அலுவலகப் பூட்டையே மாற்றினர்! கருத்துக்குக் கருத்து தர இயலாதபோது பூட்டு வந்து பேசும் போலும்.

பாராட்டு இவ்வளவு போதும். இனி அறிக்கையை உரைத்துப் பார்ப்போம். உரைகல்லை வெளியே தேட வேண்டுவதில்லை. அந்த ஏட்டிலேயே இருக்கிறது. தன் வாழ்வு பற்றிய முடிவில் ஒவ்வொருவருக்கும் பங்கு என்றீர்களே, அந்த ‘ஒவ்வொருவருள்’ பெண் உண்டா? நிறம், குண்டு, தொழிலாளர், பல்கலைக்கழகம் என்று நாட்டின் புண்களையெல்லாம் தொட்ட ஏடு, பெண்ணடிமையைத் தொடவே இல்லை. ஆடவனே மனிதன் என்ற பழைய நினைப்பு, புதுமை பேசிய பேனாவையும் விட்டபாடில்லை!

பெண் அன்று எங்கிருந்தாள்? அறிக்கை பிறந்து ஈராறு வாரம் கழியுமுன், 1962 ஆகஸ்டு 31ஆம் நாள், மிசிசிப்பியில் பஞ்சுத் தோட்டத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமர் என்ற கருப்பினத்து மாது, வாக்காளராகப் பதிவு செய்யச் சென்றார். மாநில அரசமைப்பின் ஒரு பகுதிக்கு விளக்கம் எழுதச் சொல்லி, தேறவில்லை என்று திருப்பி அனுப்பினர். அன்றே தோட்டத்திலிருந்து விரட்டினர். அவர் அஞ்சினாரா? இல்லை, மீண்டும் சென்றார், பதிவு பெற்றார். 1963இல் வினோனா சிறையில் அடியுண்டார். 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் நாடே கேட்கத் தம் கதையைக் கூறினார். மாணவர் எழுத்தில் வடித்ததை வாழ்வில் வடித்தவர் அவர். ஆனால் அவர்போன்ற பெண்ணின் நிலை பற்றி அவ்வெழுத்தில் ஒரு பகுதி இல்லை.

விடுபட்டதை எழுதியவரும் பெண்டிரே. மாணவர் இயக்கத்திலும் கருப்பினத்தார் உரிமைப் போராட்டத்திலும் உழைத்த கேசி ஹேடன், மேரி கிங் என்னும் இருவர், 1965இல் தோழியர்க்கு ஒரு மடல் விடுத்தனர். சமத்துவம் பேசும் இயக்கத்துக்குள்ளேயே பெண்ணுக்குக் கீழிடம் ஏன் என்று கேட்டனர். அந்நிலையை உணர்த்த அவர்கள் எடுத்தாண்ட சொல் எது தெரியுமா? ‘சாதி’! பிறப்பால் மேல், பிறப்பால் கீழ் என்னும் கொடுமையைக் குறிக்கும் அச்சொல்லின் பொருளை நம்மவர்க்கு எவரும் அகராதி புரட்டிக் கூற வேண்டுமா?

இதனால் அறிக்கையை எறிந்துவிடலாமா? கூடாது. அது தந்த கோலைக் கொண்டே அதன் குறையை அளந்தோம். அளவுகோல் தந்ததே அதன் பெருமை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. வந்ததோடு கடமை தீர்ந்ததா? 2013இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் விதிகளை மாற்றுமுன் குறிப்பிட்ட மாநிலங்கள் நடுவணரசின் இசைவு பெற வேண்டும் என்ற காப்புக்கு அடிப்படையான பிரிவைச் செல்லாது என்றது. பெற்ற உரிமைக்கும் காவல் தேவை.

எழுதும் மாணவரே, உரிமை முழக்கம் எழுப்புங்கள். எழுப்பியபின், யார் பெயர் அதில் விடுபட்டது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயரையும் சேர்க்கும்போதுதான் சாசனம் முழுமை பெறும்.