ஒற்றை முடியின் சாட்சி

தலையும் காலும் இல்லாத, பதனிட்ட ஒரு தோல். எந்த விலங்குடையது? நிறத்தை நம்பினால் ஏமாறலாம். மாட்டுத்தோலில் வரி தீட்டிப் புலித்தோல் என்று விற்பவர்கள் உண்டு. முடியைத்தான் கேட்க வேண்டும். அதுவும் மென்மையான அடிமுடியை அல்ல, நீண்டு தடித்த மேல்முடியை.

முதல் சோதனைக்கு விரல் போதும். மான் முடியை மடக்கினால் காய்ந்த வைக்கோல்போல் ஒடிந்து நிற்கும். உள்ளே பெரும்பகுதி காற்றறைகள். பன்றி மயிரோ விறைப்பானது, நுனி பிளந்திருக்கும்.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. கண்ணாடித் தகட்டில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, உலர்வதற்குள் முடியைப் பதித்து, காய்ந்ததும் மெல்ல உரித்தெடுப்பார்கள். முடியின் புறச்செதில்கள் அப்படியே அச்சாக விழுந்திருக்கும். நுண்ணோக்கியில் அந்தக் கோலம் விலங்குக்கு விலங்கு மாறும். ஏன், ஒரே முடியின் அடிக்கும் நுனிக்கும்கூட மாறும். ஆய்வகத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு அழகைக் காட்டும் வித்தை வேறில்லை. நெருங்கிய இனங்களில் முடி தடுமாறும், அங்கே டி.என்.ஏ. சோதனை வேண்டும்.

பூசைக்கு அமரும் பழைய மான்தோல் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு உரிமைச் சான்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.