பூனையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

நாய் வளர்ப்பவர்கள் வெளியூர் போகும்போது நாயைக் கையோடு கூட்டிப்போகலாம். அல்லது மச்சான் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். இரண்டு நாள் வாசலைப் பார்த்து ஏங்கும், மூன்றாம் நாள் பிஸ்கட்டுக்கு வாலாட்ட ஆரம்பித்துவிடும். பூனை சமாசாரம் வேறு. நாய்க்கு ஆள்தான் வீடு. பூனைக்கு வீடுதான் வீடு. இடம் மாற்றினால் பீரோவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு உண்ணாவிரதம் இருக்கும். (இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூனை, அதுவும் குண்டுப் பூனை, சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.) அதனால்தான் கால்நடை டாக்டர்கள் பலரும், பூனையை அதன் இடத்திலேயே விடுங்கள், யாரையாவது தினம் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்கிறார்கள்.

'யாரையாவது' என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். யார் அந்த யாரோ? உங்கள் வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, தினம் இரண்டு வேளை மாடியேறி வந்து, மண் தட்டைச் சுத்தம் செய்து, பூனை கண்ணில் படுகிறதா என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கக்கூடிய ஒரு ஆசாமி. சம்பளத்துக்கு அல்ல, சும்மா உங்களுக்காக. அப்படி ஒருவர் உங்களுக்கு இருக்கிறாரா? செல்போனில் நானூறு பெயர் வைத்திருப்பீர்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு கை விரல்களைத் தாண்டினால் நீங்கள் பாக்கியசாலி.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு முழு நாவல் எழுதியிருக்கிறார் ஹிரோ அரிகாவா என்ற ஜப்பானியப் பெண்மணி. 2012-ல் வந்தது. முராகாமியை மொழிபெயர்த்த ஃபிலிப் கேப்ரியல்தான் இதையும் 'தி ட்ராவலிங் கேட் க்ரானிக்கிள்ஸ்' என்ற பெயரில் 2017-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே ஜப்பானில் சினிமாவாகவும் வந்துவிட்டது. கதையின் முடிவைத் தொடாமல் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச முடியாது. படிக்க உத்தேசித்திருப்பவர்கள் முடித்துவிட்டு வரவும். அவசரமில்லை, இந்தப் பக்கம் எங்கேயும் ஓடிவிடாது.

சடோரு என்ற இளைஞன். தனி ஆள். அவனுடைய வெள்ளி நிற வேனின் பானெட்டில் தினம் வந்து தூங்கும் ஒரு தெருப்பூனைக்குச் சாப்பாடு வைக்கிறான். பூனை ஒருநாள் காரில் அடிபட்டுக் கால் ஒடிந்து, உதவிக்கு அவனைத் தேடி வருகிறது. வைத்தியம் பார்த்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறான். வால் 7 போல வளைந்திருப்பதால் 'நானா' என்று பெயர். ஜப்பானிய மொழியில் ஏழு. ஐந்து வருஷம் சந்தோஷமாகப் போகிறது. பிறகு, பூனையை இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது என்கிறான் சடோரு. காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான். வேனில் ஏற்றிக்கொண்டு பழைய நண்பர்கள் ஒவ்வொருவர் வீடாகப் போகிறான். "என் பூனையை வைத்துக்கொள்வாயா?"

கதையைப் பெரும்பாலும் சொல்வது நானாதான். சோசெகியின் 'நான் ஒரு பூனை' 1905-ல் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, ஜப்பானில் பூனை வாய் திறந்தால் அந்தப் பூனையை ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் போலிருக்கிறது. நானாவும் போடுகிறது. 'அதற்குப் பெயர் இல்லை, எனக்கு இருக்கிறது' என்கிற தோரணையில் கொஞ்சம் அலட்டலோடு.

முதல் நண்பன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். பூனை வந்தால் அவள் திரும்பி வருவாள் என்று கணக்குப் போடுகிறான். இரண்டாமவன் விவசாயி. பூனையா, எலி பிடிக்குமா என்பதுதான் அவனுக்கு முக்கியம். மூன்றாவது வீட்டில் கணவனும் மனைவியும் ஃபூஜி மலைப் பக்கம் ஒரு விடுதி நடத்துகிறார்கள். நாய், பூனையோடு வருபவர்களுக்கும் அங்கே இடமுண்டு. எல்லா வகையிலும் தோதான வீடு. ஆனால் அந்தக் கணவனுக்கு சடோருவின் மேல் ஒரு பழைய பொறாமை. அது இன்னும் ஆறவில்லை. எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று இடித்து, நானா மறுபடி வேனில் ஏறிவிடுகிறது. சடோருவின் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் தெரிகிறது.

பாதி புத்தகத்துக்கு மேல் போகும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். சடோருவுக்குப் புற்றுநோய். அதிக நாள் இல்லை.

இங்கேதான் அரிகாவாவின் கெட்டிக்காரத்தனம். "நான் சாகப்போகிறேன், அதற்கு முன் உன்னை ஒரு தடவை பார்க்க வந்தேன்" என்று யாரும் யாரிடமும் சொல்லிவிட முடியாது. "என் பூனையைப் பார்த்துக்கொள்வாயா" என்று சொல்லலாம். பூனை ஒரு சாக்கு. இருபது வருஷமாகப் பார்க்காத சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. நம் ஊரில் அதற்குக் கல்யாணப் பத்திரிகை உதவுகிறது. சடோருவுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சடோரு சிறுவனாக இருந்தபோது அவனிடம் ஹச்சி என்று ஒரு பூனை இருந்தது. நெற்றியில் எட்டு போன்ற குறி. அவன் பள்ளிச் சுற்றுலா போயிருந்தபோது பெற்றோர் விபத்தில் இறந்துவிடுகிறார்கள். பையனைச் சித்தி கூட்டிப்போகிறாள். ஊர் ஊராக மாற்றலாகும் உத்தியோகம், அதனால் பூனை கூடாது. பெரியவர்கள் பேசி முடித்து ஹச்சியைத் தூரத்து உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பையனிடம் யாரும் கேட்கவில்லை. பெரியவனாகிப் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தவனுக்கு, பூனை வண்டியில் அடிபட்டுச் செத்த செய்திதான் வருகிறது. ஆக, இந்த வேன் பயணம் முழுக்க, சின்ன வயதில் அவசர அவசரமாகக் கைமாற்றப்பட்ட ஒரு பூனைக்கான பிராயச்சித்தம். இந்தத் தடவை வீடு வீடாகப் போய், விசாரித்து, பூனையின் சம்மதத்தையும் கேட்டுத்தான் ஒப்படைப்பேன் என்கிறான். அவனைப் பெரியவர்கள் அப்படி ஒப்படைக்கவில்லை என்பதை அரிகாவா வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதற்காகவே அவருக்கு ஒரு சபாஷ்.

குறைகளுக்கு வருவோம். சடோரு ரொம்ப நல்லவன். கோபமே வராது. சாகப்போகிறவன் ஒருநாளாவது யார் மேலாவது எரிந்து விழ மாட்டானா? நானாவும் அளவுக்கு மீறிப் புத்திசாலி. மனிதர்களின் மனசு அதற்குப் புத்தகம் மாதிரி திறந்திருக்கிறது. பூனையின் அழகே அதற்கு நம்மைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று கடைசிவரை தெரியாததுதான். அதை எழுத்தாளர் தூக்கிக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, கேட்ட அத்தனை பேரும் சரி என்கிறார்கள். நிஜத்தில் நாம் கேட்கும் பதில் என்ன? "அடடா, நாங்களும் அந்த வாரம் ஊரில் இல்லையே." இந்த வசனத்துக்கு நாவலில் இடமே இல்லை. கடைசி அம்பது பக்கம் கண்ணீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. பிழிந்துவிடுகிறார்கள்.

வயசான ஆள், பூனை, பயணம் என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது 1974-ல் பால் மஸர்ஸ்கி எடுத்த 'ஹாரி அண்ட் டோன்டோ'. ஹாரி ரிடையரான வாத்தியார். நியூயார்க்கில் அவர் குடியிருந்த கட்டடத்தை இடிக்கிறார்கள். பூனையோடு அமெரிக்காவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பிள்ளைகள் வீடாகப் போகிறார். விமான நிலையத்தில் பூனைக் கூடையை எக்ஸ்ரே மெஷினில் போட வேண்டும் என்றதும் "வேண்டாம் சாமி" என்று விமானத்தையே விட்டுவிட்டு பஸ் ஏறுகிறார். வழியில் பூனைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று பஸ்ஸையும் நிறுத்துகிறார். பஸ் இவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அழ வைக்கும் விஷயம் இதிலும் உண்டு. ஆனால் மஸர்ஸ்கி முதுகைத் தட்டி "அழுங்கள்" என்று சொல்வதில்லை. ஆர்ட் கார்னிக்கு இதற்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த வருஷம் அவரிடம் தோற்றவர்களில் ஜாக் நிகல்சனும் அல் பசீனோவும் உண்டு.

ஒப்படைப்பது என்பதன் நடைமுறைச் சிக்கலைச் சரியாகப் பிடித்தவர் ஷீலா பர்ன்ஃபோர்ட். 1961-ல் வந்த 'தி இன்க்ரெடிபிள் ஜர்னி'. கனடாவில் ஒரு குடும்பம் இங்கிலாந்து போக வேண்டியிருக்கிறது. இரண்டு நாய்களையும் ஒரு சயாமியப் பூனையையும் நண்பர் ஒருவரிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவரோ இடையில் வேட்டைக்குக் கிளம்புகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு விவரமாகச் சீட்டு எழுதி வைக்கிறார். அதில் ஒரு தாள் கணப்பில் விழுந்து எரிந்துபோகிறது. மிச்சத்தைப் படித்த அம்மாள், மூன்றையும் அவர் கையோடு கூட்டிப்போய்விட்டார் என்று நினைத்துக்கொள்கிறாள். அவர், அம்மாள் பார்த்துக்கொள்வாள் என்று நிம்மதியாக இருக்கிறார். மூன்று பிராணிகளும் வீட்டைத் தேடிக் காட்டு வழியே சுமார் 300 மைல் நடக்கின்றன. எல்லாம் ஒரு தாள் செய்த வேலை! இந்த நாவலில் பிராணிகள் பேசாது. 1993-ல் 'ஹோம்வர்ட் பவுண்ட்' என்று புதுசாகப் படமெடுத்தபோது பேசவைத்துவிட்டார்கள். பூனைக்கு ஸாலி ஃபீல்டின் குரல். குழந்தைகளுக்குப் பிடித்தது. எனக்குப் பேசாத பூனைதான் பிடித்திருக்கிறது.

இதே சீட்டு விவகாரத்தின் இன்னொரு கோடி, கோயன் சகோதரர்களின் 'இன்சைட் லூவின் டேவிஸ்' (2013). பாட்டுக்காரன், பரதேசி, தினம் ஒரு வீட்டு சோபாவில் தூங்குகிறவன். ஒருநாள் காலை நண்பர் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர்களுடைய பூனை வெளியே ஓடி வர, கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது. யாரும் ஒப்படைக்காமலே பூனை அவன் தலையில் விழுகிறது. தூக்கிக்கொண்டு திரிகிறான், தொலைக்கிறான், தேடிப் பிடித்து வேறொரு பூனையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அது பெண் பூனை, எங்களுடையது ஆண் என்று வீட்டுக்கார அம்மாள் கண்டுபிடித்து அலறுகிறாள். அசல் பூனை யார் தயவும் இல்லாமல் தானே வீடு வந்து சேர்கிறது. கடைசிப் பகுதியில் அவன் தெருவில் ஒரு போஸ்டரைப் பார்க்கிறான். 'தி இன்க்ரெடிபிள் ஜர்னி'! படத்தின் கதை நடப்பது 1961-ல், அந்த டிஸ்னி படம் வந்தது 1963-ல். இரண்டு வருஷம் இடிக்கிறது. அந்த போஸ்டரை அங்கே பார்ப்பதற்காக நான் மன்னித்துவிட்டேன்.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அரிகாவாவின் நாவலுக்கு என் மதிப்பெண் கொஞ்சம் ஏறுகிறது. காரணம், சித்தி நோரிகோ. அவள் நீதிபதியாக இருந்தவள். இடம் தெரியாமல் பேசி மனசைப் புண்படுத்திவிடுகிறவள். பூனை என்றால் பயம் வேறு. எப்படித் தூக்குவது என்றே தெரியாது. சின்ன வயதில் ஹச்சியைப் பிரித்ததும் அவள்தான். கடைசியில் நானா போய்ச் சேருவது அவளிடம்தான். அதற்காகவே பூனை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் ஃப்ளாட்டாகப் பார்த்துக் குடிபோகிறாள். பூனைப் பிரியர்கள், அனுபவசாலிகள், விடுதிக்காரர்கள் எல்லாரையும் தாண்டி, பயந்துகொண்டே கையை நீட்டும் இந்தப் பெண்தான் சரியான ஆள் என்கிறது நாவல். எனக்கு இது ரொம்ப நிஜமாகப் படுகிறது. பூனையைக் கொஞ்சுகிறவர் வேறு, பார்த்துக்கொள்கிறவர் வேறு. உங்களிடம் பாசமாக இருப்பவரும் சொன்ன வேளைக்கு வருபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

நம் நகரங்களில் பிள்ளைகள் அமெரிக்காவில், கணவன் மனைவி இருவர் மட்டும் ஃப்ளாட்டில், கூட ஒரு பூனை என்று எத்தனையோ வீடுகள். பேரக் குழந்தை பிறந்திருக்கிறது, ஆறு மாசம் வாருங்கள் என்று அங்கிருந்து போன். விசா இருக்கிறது, டிக்கெட் போட ஆள் இருக்கிறது. பூனைக்கு ஆள் இல்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். "பூனைக்காகவா போகலை?" சிரிக்கிறவர்களிடம் இந்த நாவலைக் கொடுக்கலாம். இன்னும் தனியாக இருப்பவர்களுக்கு இரண்டாவது கேள்வியும் உண்டு. ஆறு மாசத்துக்கு யார் என்பது அல்ல, எனக்குப் பிறகு யார் என்பது. சடோரு கேட்டது அதைத்தான். தெம்பு இருக்கும்போதே கிளம்பி, நேரில் போய்க் கேட்டான். அழுகாச்சிப் பக்கங்களையெல்லாம் கழித்துவிட்டாலும் இந்த ஒரு காரியத்துக்காக நாவலைப் படிக்கலாம்.

முதலில் பர்ன்ஃபோர்டைப் படியுங்கள், குழந்தைகளோடு சேர்ந்து. பிறகு அரிகாவா, தனியாக, கைக்குட்டையோடு. சினிமாதான் வேண்டும் என்றால் ஹாரியும் டோன்டோவும்.

பி.கு: அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பூனைக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு, டாக்டர் நம்பர் என்ன என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். ஒரே தாளில். எழுதியதை அவரிடம் வாயாலும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.